நூற்றைம்பதில் நிற்கும் அம்மா

அண்ணே,

இது அம்மா உனக்கு எழுத வேண்டிய கடிதம். திங்கட்கிழமை நீ சென்னைக்குக் கிளம்புகிறாய். நீ செய்த பதிவேட்டை அங்கே பெரிய ஆஸ்பத்திரிகளுக்குக் காட்டப் போகிறாய். அதற்கு முன்னால் பிள்ளைக்கு நாலு வார்த்தை எழுதி உன் பைக்குள் வைக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். அவளுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும் என்பதால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவதாகப் பேச்சு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ரயிலில் சாமானைத் தலைமாட்டில் வைத்துக்கொள், யாரிடமும் வீம்பாகப் பேசாதே என்று மூன்று வரி சொன்னாள். நாலாவது வரிக்கு வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். "மீதிய நீயே எழுதுட்டி. எனக்குச் சொல்ல வரல. ஆனா சொல்லாம விட்றாத" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அதனால் அவள் இடத்தில் உட்கார்ந்து நான் எழுதுகிறேன். உன்னைவிட ஆறு வயது சின்னவள், பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள், உனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாளா என்று நினைப்பாய். நினைத்துக்கொள். பைக்குள் வைக்காமல் இன்றைக்கே உன் கையில் தருகிறேன். உறையை நான் ஒட்டவில்லை. ஆஸ்பத்திரி டாக்டரும் படிக்கலாம், நர்ஸ் ரோஸி சிஸ்டரும் படிக்கலாம். படித்தால் நல்லது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம்? ஆஸ்பத்திரியில் உடல்பருமனுக்கென்று தனிப் பிரிவு தொடங்கி, வருகிறவர்களின் விவரங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்க ஒரு பதிவேடு வேண்டும் என்று உன்னிடம் கேட்டிருந்தார்கள். கிருஷ்ணன்கோவில் காலேஜில் படித்து வந்த உனக்கு அதுதான் முதல் பெரிய வேலை. தரையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எங்களுக்கு ஒவ்வொரு பெட்டியாகக் காட்டினாய். உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டிவலி, தூக்கத்தில் மூச்சுத் திணறுகிறதா என்று வரிசையாக. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பழைய தாள்களில் எடை எழுதும் இடத்தில் யாரோ செல்போன் நம்பரை எழுதி வைத்திருந்ததைச் சொல்லிச் சிரித்தாய். அப்படித் தப்பு நுழையாமல் இருக்க எல்லாப் பெட்டிக்கும் எல்லை வைத்திருப்பதாகச் சொன்னாய். எடைக்கு முப்பதிலிருந்து நூற்றைம்பது வரை. "நூத்தம்பதுக்கு மேல எவன் இருக்கப் போறான், யானையா வந்து ஏறப்போகுது" என்றாய். உன் பின்னால் அம்மா உனக்கு இரண்டாவது தோசையைக் கொண்டுவந்து நின்றுகொண்டிருந்தாள். தோசையைத் தட்டில் போட்டாள். போய்விட்டாள். அவள் முகத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

எனக்குப் பதினெட்டு முடிந்ததும் நீதான் அந்தப் பிரிவில் என்னைச் சேர்த்துவிட்டாய். செவ்வாயும் வெள்ளியும் தராசுப் பக்கத்தில் உட்கார்ந்து கையளவு கம்ப்யூட்டரில் எண்களை அடிக்கிற வேலை. யாரோடும் அதிகம் பேச வேண்டாம், உனக்கு ஏற்ற வேலை என்றாய். சரிதான். ஒரு வார்த்தை மட்டும் அழுத்திச் சொன்னாய். "பெட்டி சிவப்பாச்சுன்னா நீதான் தப்பா அடிச்சிருக்கன்னு அர்த்தம் பாப்பா. சரி பண்ணாம அடுத்த பக்கம் போகாது." பேப்பர் சீட்டு எழுதுவதை அன்றைக்கே நிறுத்தச் சொன்னதும் நீதான். இரண்டு இடத்தில் எழுதினால் குழப்பம் வருமாம்.

முதல் செவ்வாய்க்கிழமையே அம்மா வந்தாள். தராசில் எண் தெரிகிற பக்கம் என்னைப் பார்த்துத் திரும்பியிருக்கும். ஏறுகிறவர்கள் கூச்சப்படக் கூடாது என்று டாக்டர் செய்த நல்ல ஏற்பாடு அது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நூற்று அறுபத்து மூன்று புள்ளி இரண்டு. அடித்தேன். பெட்டி சிவப்பானது. 'எடையைச் சரிபார்க்கவும்' என்று வந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி சிவப்பு. திரைச்சீலைக்கு வெளியே ஆட்கள் இருமிக்கொண்டும் நாற்காலியை இழுத்துக்கொண்டும் இருந்தார்கள். "என்னட்டி, இம்புட்டு நேரம்?" என்று ரோஸி சிஸ்டர் தலையை நீட்டினார். எண்ணைச் சத்தமாகச் சொல்லி, இது ஏற மாட்டேன் என்கிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் மூன்றாவது தடவையும் அதையே அடித்தேன். அவரே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நூத்தம்பதுன்னு போட்டு விடு. வெளிய வரிச நிக்குதுல்லா." போட்டேன். பெட்டி பச்சையானது. அடுத்த பக்கம் திறந்தது.

ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பாய். நான் பள்ளிக்கூடத்தை ஏன் விட்டேன் என்பதே உனக்குத் தெரியாது அண்ணே. படிப்பு ஏறவில்லை என்று எல்லாரும் சொன்னதை நீயும் நம்பினாய். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த மூன்றாம் மாதம், மைதானத்தில் வரிசையாக நிறுத்தி உயரமும் எடையும் எடுத்தார்கள். விளையாட்டு வாத்தியார் ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொல்ல, ஒரு பெண் எழுதிக்கொண்டாள். என் எண்ணைச் சொன்னவர் அதோடு விடாமல், "ரெண்டு பேரா ஏறிட்டீங்களா?" என்றார். மறுநாளிலிருந்து என் பெயர் அந்த எண்தான். கரும்பலகையில் அது, என் மேசையில் அது, பஸ் ஸ்டாப்பில் அது. நீ காலேஜ் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு சாயங்காலம் அழுதுகொண்டே உன்னிடம் சொல்ல வந்தேன். பாதியிலேயே, "விடு பாப்பா, வெறும் நம்பர்தானே" என்றாய். வெறும் நம்பர். இன்றைக்கு அந்த வெறும் நம்பரை வைத்துத்தான் நீ சென்னைக்குப் போகிறாய்.

ஆனால் ஒன்று செய்தேன். பொய்யை அடித்த கை குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், பதினொன்றாம் வகுப்புக்கு வாங்கி எழுதாமல் கிடந்த உயிரியல் நோட்டை எடுத்தேன். பெயர் எழுதவில்லை. நோயாளி எண், தேதி, தராசு காட்டிய எடை. அவ்வளவுதான். அம்மாவோடு சேர்த்து ஏழு பேர் அதில் இருக்கிறார்கள். உன் பதிவேட்டில் ஏழு பேரும் நூற்றைம்பது. ஆறு மாதமும் நூற்றைம்பது. ஒருவருக்குக்கூட ஒரு கிலோ ஏறவில்லை, இறங்கவில்லை. இப்படி ஏழு மனிதர்கள் உலகத்தில் எங்காவது இருப்பார்களா என்று உனக்குத் தோன்றவே இல்லையா? இரண்டாம் மாதம் உனக்குப் போன் போட்டேன். "அண்ணே, எடைப் பெட்டி சிவப்பாகுது" என்றேன். "மீட்டிங்ல இருக்கேன், பாத்து அடிட்டி" என்று வைத்துவிட்டாய். பிறகு நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் தப்பு அது. நோட்டில் எழுதியதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

இந்த ஆறு மாதம் அம்மா என்ன பாடுபட்டாள் என்று உனக்குத் தெரியுமா? பேண்டேஜ் துணிக் கம்பெனியில் நாள் முழுக்க நின்று துணிச்சுருளைப் பொட்டலம் போட்டுவிட்டு, வீங்கிய காலோடு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அவர்கள் சொல்லித்தந்த பயிற்சியைச் செய்வாள். சாயங்காலம் கம்பெனியில் எல்லாரும் டீயும் வடையும் தின்னும்போது வெளியே போய் நிற்பாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஒரு கண்டக்டர், "ஆச்சி, ஒரு டிக்கெட்டா ரெண்டா?" என்று கேட்டான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "நீ ரெண்டு ஆளு எடம் குடுத்தா ரெண்டு டிக்கெட் வாங்குதேன்" என்று அம்மாவும் சிரித்துக்கொண்டே சொன்னாள். இறங்கிய பிறகு, "எம் பக்கத்துல ஒரு ஆளு நெருக்காம உக்காந்து வரணும்ட்டி. அம்புட்டுத்தான் எனக்கு" என்றாள். உன் பதிவேட்டில் இத்தனை பெட்டி இருக்கிறதே, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற பெட்டி ஒன்று உண்டா? நான் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

ஒவ்வொரு தடவை தராசிலிருந்து இறங்கும்போதும் அம்மா என் முகத்தைப் பார்த்து, "கொறஞ்சிருக்கா?" என்பாள். நான் தலையாட்டுவேன். நிஜமாகவே குறைந்துகொண்டுதான் இருந்தது. அந்தத் தலையாட்டலை வாங்கிக்கொண்டு வீடு வரைக்கும் சந்தோஷமாக நடப்பாள். ஏழு பேரில் ஒருவரான, மகாராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெரியவரும் அப்படித்தான். அவர் இடுப்பில் கட்டியிருக்கும் அரைஞாண் கயிற்றைக் காட்டுவார். "மூணு முடிச்சு இறுக்கியிருக்கேன் தாயி. நீ சொல்லாட்டாலும் கயிறு சொல்லுதுல்லா."

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர்கள் கூட்டத்தில் நீ பேசினாய். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நானும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் பெரிய படம் போட்டாய். எடை இறங்கியவர்கள் பச்சைப் புள்ளி. இறங்காதவர்கள் மஞ்சள். ஓரத்தில் ஒரே கோட்டில் ஏழு மஞ்சள் புள்ளிகள். அதைக் குச்சியால் தொட்டு, "இவங்க ஒத்துழைக்காதவங்க. ஆறு மாசமா ஒரு கிலோ அசையல. இவங்கள வெச்சிருந்தா காத்திருக்கவங்களுக்கு எடம் கெடைக்காது. இந்த மாதிரி ஆளுகள பதிவேடே கண்டுபிடிச்சுக் குடுத்துரும்" என்றாய். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் கைதட்டினார். அண்ணே, நீ குச்சியால் தொட்ட மூன்றாவது புள்ளி அம்மா. படத்தில் பெயர் இல்லை, ஆனால் நோயாளி எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. என்னால் முடிந்தது மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டதுதான். அந்த ஆத்திரம் இன்னும் என் கையில் இருக்கிறது. அதனால்தான் எழுத்து இப்படி அழுந்தி விழுகிறது.

இரண்டு நாள் கழித்து அம்மாவின் போனுக்குச் செய்தி வந்தது. ஆறு மாதங்களில் உங்கள் எடையில் மாற்றம் பதிவாகவில்லை, உங்கள் இடம் காத்திருப்போருக்கு வழங்கப்படும், வரும் வெள்ளிக்கிழமையே கடைசி வருகை என்று. அம்மா அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். படித்தேன். போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். பிறகு, "அப்ப நீ எனக்காகத்தான் தலையாட்டுனியா? மனசு ஒடஞ்சிறக் கூடாதுன்னு" என்றாள். அவள் உடம்பை அவளே நம்பவில்லை. தொளதொளவென்று ஆகிவிட்ட ஜாக்கெட்டை நம்பவில்லை. பெற்ற மகளை நம்பவில்லை. நீ செய்ததை நம்பினாள். "கம்ப்யூட்டரு பொய் சொல்லுமாட்டி? அண்ணன் செஞ்சதுல்லா" என்றாள்.

அதற்கப்புறம் மூன்று நாள் அம்மா மோரைத் தவிர ஒன்றும் தொடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கிலோவாவது காட்டிவிட வேண்டும் என்று நினைத்தாளாம். நாலாம் நாள் கம்பெனியில் மயங்கி விழுந்தாள். அங்கேயே நூல் குடோனில் வேலை பார்க்கும் பாத்திமா அக்காதான் ஆட்டோவில் கூட்டிவந்தார். உன்னிடம் வெயில் என்று சொன்னோம். வெயில் இல்லை. நீதான். நானும்தான்.

அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிவப்புப் பெட்டி, நூற்றைம்பது, நோட்டு எல்லாம். அடிப்பாள் என்று நினைத்தேன். நோட்டை வாங்கி அவளுடைய எண்ணுக்கு நேரே விரலை ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். "இது நெசமா? மறுபடியும் என்னத் தேத்தப் பாக்கியா?" என்றாள். நான் சத்தியம் செய்தும் நம்பவில்லை. மறுநாள் காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு குடோனுக்குப் போனாள். அங்கே நூல் மூட்டைகளை எடைபோடும் மேடைத் தராசு இருக்கிறது. வருஷா வருஷம் முத்திரை போடுகிற தராசு. அதை யாரும் குறை சொல்ல முடியாது. எண் சுவரில் பெரிதாகத் தெரியும்.

"பாத்திமா, என்னைய நிறுத்துச் சொல்லு" என்றாள் அம்மா. மூட்டை தூக்கும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாத்திமா அக்கா சிரிக்கவில்லை. மேடையைத் துடைத்துவிட்டு, "ஏறுங்கக்கா. சாக்கு எடையக் கழிக்கணுமா?" என்றார். "சீலைக்கு அரைக் கிலோ கழிச்சுக்கோ" என்றாள் அம்மா. "அதெல்லாம் முடியாது, எங்க குடோன்ல சாக்கோட சேத்துத்தான் எழுதுவோம்." எல்லாரும் சிரித்தார்கள். அம்மாதான் அதிகம் சிரித்தாள். சுவரில் நூற்று ஐம்பத்தொன்று புள்ளி நான்கு என்று வந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் நோட்டில் முதல் வரி நூற்று அறுபத்து மூன்று புள்ளி இரண்டு. கிட்டத்தட்ட பன்னிரண்டு கிலோ. பாத்திமா அக்கா எடைச்சீட்டு கிழித்து, சரக்கின் பெயர் எழுதும் இடத்தில் 'அக்கா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தச் சீட்டு இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. பத்திரமாக வை.

இப்போது அம்மா சொல்ல நினைத்து முடியாமல் போனதைச் சொல்கிறேன். தப்பு நுழையக் கூடாது என்று நீ எல்லை வைத்ததில் தப்பில்லை. ஆனால் எல்லையை யாரிடம் கேட்டு வைத்தாய்? டாக்டரிடம் கேட்டாய், ஆபீஸில் கேட்டாய். குண்டாக இருப்பவர்களுக்கென்றே நடத்துகிற இடத்தில், தராசில் ஏறுகிற ஒரு ஆளிடமாவது கேட்டாயா? உனக்குத் தோசை சுட்டுப் போட்டவளிடம் கேட்டிருந்தால் போதுமே. சிவப்பு வந்தால் அடிக்கிறவள்தான் தப்பு என்று எப்படிச் சொன்னாய்? செய்தவனும் தப்பாக இருக்கலாம் என்று ஒரு பெட்டி வைக்க உனக்குத் தோன்றவில்லை. பேப்பரையும் நிறுத்திவிட்டாய். என் உயிரியல் நோட்டு இல்லையென்றால் அந்த ஏழு பேர் பட்ட பாட்டுக்கு இந்த ஊரில் சாட்சியே இல்லை. அப்புறம் அந்தச் சொல், ஒத்துழைக்காதவங்க. அதை நீ எங்கே கற்றாய்? நம் வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. நாளைக்கு எத்தனை ஊரில் இதே பெட்டியை மாட்டப் போகிறாய்? அங்கேயெல்லாம் என்னைப் போல ஒருத்தி வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் நோட்டு இருக்கும் என்று என்ன நிச்சயம்?

அதனால் திங்கட்கிழமை கிளம்புவதற்கு முன் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வா. நோட்டை உன்னிடம் தர மாட்டேன். நானே டாக்டரிடம் கொடுக்கப் போகிறேன். பொய்யாக அடித்தது நான் என்றும் சொல்லப் போகிறேன். ரோஸி சிஸ்டர் திட்டுவார், வேலையும் போகலாம். போகட்டும். நீ பக்கத்தில் நின்று, எல்லையை வைத்தது நான் என்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லிவிடாதே. மகாராஜபுரத்துப் பெரியவர் அந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு வருவார். அவர் கண்ணைப் பார்த்துச் சொல். பிறகு சென்னைக்குப் போ. அங்கேயும் முதலில் இதைச் சொல், பச்சைப் புள்ளிகளைப் பிறகு காட்டு.

இதை எழுதி முடிக்கும்போது அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "எழுதிட்டியா?" என்றாள். எழுதிவிட்டேன் என்றேன். "எம்புட்டுன்னு போட்டியா?" என்றாள். போட்டிருக்கிறேன் என்றேன். "வாசிச்சுக் காட்டு." வாசல் கதவு திறந்திருந்தது. தெருவில் தண்ணீர் பிடிக்க வரிசை நின்றது. எழுந்து சாத்தப் போனேன். "தொறந்தே கெடக்கட்டும், வாசி" என்றாள். வாசித்தேன். நூற்று அறுபத்து மூன்று புள்ளி இரண்டு. நூற்று ஐம்பத்தொன்று புள்ளி நான்கு. என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, உனக்கு எழுத வேண்டிய நாலாவது வரியைச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஏலே, இன்னும் ஒன்னரைக் கிலோ கொறஞ்சா நான் ஒன் பெட்டிக்குள்ள வந்துருவேன். அதுக்கு மேல ஒரு கிலோ கொறஞ்சா, அம்மா ஆறு மாசத்துல ஒரு கிலோதான் கொறஞ்சிருக்கான்னு பச்சப் புள்ளி வெப்ப. எனக்கு அந்த ஒரு கிலோ வேண்டாம்லே. மொத பன்னெண்டையும் எழுது."